ஆர்கனுக்குக் காற்று கொடுத்த செல்லூர்ப் பட்டறை

கீழக்குயில்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் உமியை ஊதித் தள்ளும் காற்றாடி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்தவன் நான். செல்லூர் விசைத்தறிக் கூடங்களில் பஞ்சுத் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற தகரக் குழாய்களில் முக்கால்வாசி என் பட்டறையில் மடித்தவை. திருநகரில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் புகைபோக்கி வைத்துக் கொடுத்தேன். அதற்கு முன்னால் அங்கே சாம்பார் வாளி தூக்கி வருகிறவர்கள் அழுதுகொண்டேதான் பந்திக்கு வருவார்கள். இருமிக்கொண்டிருந்த இடத்திலெல்லாம் மனிதர்களை மூச்சுவிட வைத்தவன் நான் என்று சொன்னால் அது பெருமைக்காகச் சொல்வது அல்ல, அப்படியே நடந்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பா கைத்தறி நெசவாளி. நான் தறிக்குழியில் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு தகரக் கத்தரி, ஒரு மரச் சுத்தியல், இந்த இரண்டோடு தனியாக உட்கார்ந்தேன். உறவு சனமெல்லாம் டப்பா அடிக்கிறவன் என்றார்கள். படித்த இஞ்சினியர்கள் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள். நான் தரையில் சாக்பீஸால் வரைந்து, அதையே வெட்டி, சாயங்காலத்துக்குள் ஓடவிட்டுக் காட்டுவேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மதுரையில் ஒரு பழைய தேவாலயத்தில் பல வருடம் ஊமையாகக் கிடந்த ஆர்கனை நான் பேச வைத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது அது. இப்போது சபையார் அந்த ஆர்கனின் வரலாற்றைக் கல்லில் வெட்டி வாசலருகே பதிக்கப்போகிறார்கள். கல்லில் வரவேண்டிய வாசகத்தின் நகல் என் கைக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்கு முறை படித்தேன். கப்பலில் கொண்டுவந்த வெள்ளைக்காரர் இருக்கிறார். மோட்டார் வாங்கிக் கொடுத்த குடும்பம் இருக்கிறது. "சென்னை நிபுணர் ஒருவரால் பழுது நீக்கப்பட்டு" என்று ஒரு வரியும் இருக்கிறது. நான் இல்லை.

நகலை அனுப்பியவர் அந்த ஆர்கனை வாசித்த டீச்சர். எண்பதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் சொன்னார்:

"கல்லு இன்னும் வெட்டலை தம்பி. அதுக்குள்ள நீங்களே எழுதிக் குடுங்க. ஆனா நடந்ததை நடந்தபடி எழுதணும். அந்த ஈய விஷயம் உள்பட."

அந்த ஈய விஷயத்தை நான் இதுவரை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. கல்லில் பெயர் வேண்டுமென்றால் அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது. சொல்கிறேன்.

ஆர்கனைப் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. புல்லாங்குழல் என்பது ஒருவர் வாய் வைத்து ஊதுகிற ஒரு குழாய். அதுபோல நூற்றுக்கணக்கான குழாய்களைச் சுவரோரம் நிறுத்திவைத்து, அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய துருத்தி ஊதினால் அதுதான் ஆர்கன். சுண்டுவிரல் அளவுக் குழாயும் உண்டு, ஆள் உயரத்தைவிடப் பெரிய குழாயும் உண்டு. சில ஈயம் கலந்த தகட்டில் உருட்டியவை. சில மரத்தில் நான்கு பக்கமும் அடித்தவை, பார்த்தால் சன்னல் சட்டம் மாதிரி இருக்கும். வாசிக்கிறவர் ஒரு கட்டையை அழுத்தினால், மரப் பட்டிகள் ஒன்றையொன்று இழுத்துப்போய் உள்ளே ஒரு குழாயின் அடியில் கதவைத் திறக்கும். அந்தக் குழாய் பாடும். விரலை எடுத்தால் கதவு மூடும்.

அந்தச் சபையின் முதல் ஆர்கன் இது இல்லையாம். டீச்சர் சொன்ன வரலாறு இது. முதலில் இருந்தது ஒரு மேசை அளவுப் பெட்டி, காலால் மிதித்து வாசிப்பது. கூட்டம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமைகளில் முன் பெஞ்சைத் தாண்டி அதன் சத்தம் போகாதாம். அதன் பிறகுதான் இந்தக் குழாய் ஆர்கன் கப்பலிலும் ரயிலிலும் வந்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டிகளில் கோயிலுக்கு வந்தது. குழாய்கள் வந்த பெட்டிப் பலகைகளை வீணாக்காமல் சபையின் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு அடித்தார்களாம். டீச்சர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அவருடைய அப்பாதான் கோயிலைப் பெருக்கி, மணி அடித்து, ஆர்கனுக்குப் பின்னால் நின்று கைப்பிடியை ஏற்றி இறக்கித் துருத்திக்குக் காற்று அடித்தவர். சுவரில் ஒரு நூலில் சின்ன ஈயக் குண்டு தொங்கும். துருத்தியில் காற்று குறைந்தால் குண்டு ஏறும். அதைப் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும்.

"எங்கப்பா பின்னாடி காத்து அடிப்பாரு, நான் முன்னாடி பாட்டு அடிப்பேன்," என்பார் டீச்சர். "நான் வேகமா வாசிச்சா உள்ள இருந்து திட்டு விழும்."

பிறகு கரண்டு மோட்டார் வந்தது. கைப்பிடிக்கு வேலை போயிற்று. ஒருநாள் மோட்டார் எரிந்தது, துருத்தித் தோலை எலி தின்றது, மரப் பட்டிகளில் கரையான் ஏறியது. ஆர்கன் நின்றுபோனது. சென்னையில் ஒரு நிபுணருக்கு எழுதிக் கேட்டார்கள். எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்று பதில் வந்தது. சபையார் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்கள்.

நான் அங்கே போனது அதைக் காப்பாற்ற அல்ல. கழற்றி எடுத்துப்போகத்தான் போனேன்.

அப்போதைய சபைச் செயலாளர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், எதையும் சீக்கிரம் முடித்துவிடவேண்டும் அவருக்கு. சபை மண்டபத்தில் முன்பு நான் ஒரு புகைபோக்கி வைத்துக் கொடுத்த பழக்கத்தில் பட்டறைக்கு வந்தார்.

"அண்ணே, கோயிலுக்குள்ள ஒரு பழைய சாமான் கெடக்கு. அம்புட்டும் ஈயக் கொழாய். உள்ள எலி குடும்பம் நடத்துது. கழட்டிக்கிட்டுப் போயிருங்க. அந்த எடத்துல கீபோர்டு வைக்கணும், ஸ்பீக்கர் வைக்கணும்."

மறுநாள் காலையில் மீன்பாடி வண்டி ஒன்றும் இரண்டு வேலையாட்களுமாகப் போனேன். ஆர்கனுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, மடியில் கைப்பை. டீச்சரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன்.

"கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா வேலைய ஆரம்பிச்சிருவோம் டீச்சர்," என்றேன்.

"என்ன வேலை?"

"கழட்டுற வேலை."

"நான் கழட்டச் சொல்லலையே."

"செயலாளர் சார் சொன்னாரு."

"அப்ப அவர வந்து இங்க உக்காரச் சொல்லுங்க. அவர எழுப்பிட்டுக் கழட்டுங்க."

என் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். டீச்சரே தொடர்ந்தார்: "ஒரே ஒரு கொழாய எடுத்து வாய் வச்சு ஊதிப் பாருங்க தம்பி. அதுக்கப்புறமும் கழட்டணும்னு தோணுச்சுன்னா நானே எந்திரிச்சுக்கிறேன்."

முழங்கை நீளத்தில் ஒரு ஈயக் குழாயை உருவி, தூசியைத் தட்டிவிட்டு, அடியில் வாய் வைத்து ஊதினேன். நான் இருபது வருடமாகக் காற்றோடு புழங்குகிறவன். காற்றாடி போடுகிற இரைச்சல்தான் காற்றின் சத்தம் என்று நினைத்திருந்தேன். இந்தக் குழாயிலிருந்து வந்தது வேறு. நூல் பிடித்த மாதிரி நேராகப் போய், எதிர்ச் சுவரில் பட்டு, மேலே ஏறி, கூரையில் இருந்த புறாக்களைக் கிளப்பிவிட்டது. இன்னொரு குழாயை எடுத்தேன். இன்னொன்று. செயலாளர் மத்தியானம் வந்து பார்த்தபோது நானும் என் ஆட்கள் இரண்டு பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு குழாயாக ஊதிக்கொண்டிருந்தோம். டீச்சர் இன்னும் பெஞ்சில்தான் இருந்தார்.

"என்னண்ணே, கழட்டச் சொன்னா கச்சேரி வச்சுக்கிட்டு இருக்கீங்க."

"சார், இது சாகலை. காத்து இல்லாமக் கெடக்கு. காத்து என் தொழிலு."

"மெட்ராஸ் ஆளே முடியாதுன்னுட்டாரு. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாப்பு."

செயலாளர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்க்காமல் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் செயலாளர் சொன்னார்: "அறுப்புப் பண்டிகை வரைக்கும் பாப்போம். அன்னைக்கு ஆராதனையில இது பாடணும். பாடலைன்னா திங்கக்கெழம காலையில நீங்களே வண்டியோட வந்து கழட்டணும். அப்ப டீச்சர் எந்திரிச்சிரணும். சரியா?"

"சரி," என்றார் டீச்சர். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நானும் சரி என்றேன்.

வேலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, அதனால் சுருக்குகிறேன். உள்ளே தலையை நீட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டையிலிருந்து கதவு வரைக்கும் மெல்லிய பட்டிகள் நூறு நூறாக ஓடின. இதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். எங்கள் வீட்டுத் தறிக்கு மேலே இருந்த ஜக்கார்டு பெட்டிதான். அதுவும் இப்படித்தான் ஒவ்வொரு கயிறாகத் தூக்கும், சேலைக் கரையில் ஒவ்வொரு பூவாக விழும். சின்ன வயதில் அதன்மேல் ஏறி மாட்டிக்கொண்ட கொக்கிகளை விடுவித்தவன் நான். வெள்ளைக்காரன் செய்ததை ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளை அரை மணி நேரத்தில் படித்துவிட்டேன். கரையான் தின்ற பட்டிகளுக்குப் பதிலாக மூங்கிலைச் சீவிப் போட்டேன். இன்றைக்கும் ஓடுகிறது.

துருத்திக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஆட்டுத்தோல் வந்தது. அதை ஒட்ட மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் வச்சிரப் பசை காய்ச்சவேண்டும். பட்டறையில் அடுப்பு இல்லாததால் வீட்டு அடுப்பில் ஏற்றினேன். வச்சிரம் கொதிக்கும் வாடை தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேசுவோம், என் மனைவி சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "சாமி பாட்டுக்குத்தான் பண்றீங்கன்னு தெரியுது. ஆனா இந்த வாடைக்குச் சாமியே வெளிய போயிரும்." அன்றிலிருந்து வச்சிரம் மொட்டைமாடிக்குப் போயிற்று.

எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றவைத்து, அதில் ஓடும் காற்றாடியைப் பட்டறையில் செய்தேன். முதலில் என் பழக்கத்தில் அரிசி ஆலைக்குச் செய்கிற வேகத்தில் செய்துவிட்டேன். ஓடவிட்டதும் மரக் குழாய்கள் பாடுவதற்குப் பதிலாக வீல் என்று கத்தின. டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இது உமி இல்ல தம்பி," என்றார். வேகத்தைக் குறைத்து, வழியில் ஒரு தடுக்குத் தகடு வைத்தேன். மரக் குழாய் வரிசை அமைதியாக, கெட்டித் தயிர் மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. டீச்சர் அதில் ஒரு பாட்டை மெதுவாக வாசித்து முடித்துவிட்டு, "போதும், இனிமே நான் நிம்மதியா ஆபரேஷனுக்குப் போவேன்," என்றார். கண்ணில் புரை. மூன்று வாரம் வரமுடியாது. ஈயக் குழாய்களைக் கழற்றித் துடைத்து, நெளிசல் எடுத்து மாட்டும் வேலையை என்னிடம் விட்டுப் போனார்.

இங்கேதான் அது நடந்தது.

குழாய்களைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினேன். பார்த்தால் ஒவ்வொரு குழாயின் முதுகிலும் மேல்முனைக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கீறல். கீறலிலிருந்து தகடு பிதுங்கிச் சுருண்டு தொங்கியது, டின் மூடியைப் பாதி திறந்து விட்டதுபோல. ஒன்றில் கொஞ்சம் சுருண்டிருந்தது, ஒன்றில் நிறைய. யார் இப்படிக் கிழித்தது, எலியா, எந்த மடையன் என்று நினைத்துக்கொண்டேன். என்னை வளர்த்த தெருவில் அறுந்த இழையைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா கடந்துபோக மாட்டார்கள். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டியிருக்கும், அது யாருடைய பாவாகவும் இருக்கட்டும், ஓர் இழை அறுந்து தொங்கினால் போகிறவர் நின்று முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் போவார். கை தானாகப் போகும். எனக்கும் அந்தக் கைதான். கிழிசல் என்று கண்டபிறகு விடமுடியவில்லை.

ஒவ்வொரு சுருளையும் நீவி நிமிர்த்தி, கீறலை மூடி, ஈயப் பற்று வைத்தேன். ஈயத் தகட்டில் ஈயம் பற்றவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சூடு ஒரு நொடி கூடினால் குழாயே உருகி ஒழுகிவிடும். சுற்றிலும் சுண்ணாம்பைப் பூசி, குறைந்த சூட்டில் உருகும் கலவையைச் சேர்த்து, முடிபோல ஒரு கோடு இழுத்தேன். ஒரு குழாய்கூட ஒழுகவில்லை. தமிழ்நாட்டில் அதை இன்னொருவர் செய்திருக்க முடியாது. எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று மாட்டிவைத்துவிட்டு டீச்சருக்காகக் காத்திருந்தேன்.

கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். திருநகரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, நேராகப் பெஞ்சில் உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே கை வைத்தார். மரக் குழாய் ஒரு பாட்டைப் பாடியது. ஈயக் குழாய்கள் வேறு எதையோ பாடின. எல்லாமே தாழ்ந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குத் தாழ்ந்து, சளி பிடித்த கூட்டம் ஒன்று சேர்ந்து பாடியது போலிருந்தது. டீச்சர் கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, என்ன செஞ்சீங்க?"

"கிழிஞ்சதெல்லாம் ஒட்டினேன் டீச்சர்."

"எது கிழிஞ்சிருந்துச்சு?"

ஒரு குழாயைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றாமல் விரலால் முதுகைத் தடவினார். மேலே வந்து ஓரிடத்தில் நின்றார், திரும்பவும் தடவினார்.

"இங்க ஒரு சுருள் இருந்திருக்கணுமே."

அதைத்தான் நீவி மூடினேன் என்றேன்.

"அது கிழிசல் இல்ல தம்பி. சுருதி சேக்குறதுக்காகவே வெட்டி வைக்கிறது. சுருளைக் கூட்டிக் கொறச்சுத்தான் ஒவ்வொரு கொழாயையும் அதது எடத்துல நிறுத்துவாங்க." அப்புறம் இன்னொரு தடவை தடவிவிட்டு, "நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க. எங்க ஒட்டினீங்கன்னே தெரியலை," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தலைமுறை தலைமுறையாகக் காது தேர்ந்தவர்கள் அரை அரை நெல்லாகச் சேர்த்து வைத்ததை நான் பத்தே நாளில், சுத்தமாக, பழுதில்லாமல் அழித்துவிட்டேன். பண்டிகைக்கு இரண்டு வாரத்துக்குமேல் கொஞ்சம்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் உள்ளே வந்தார். "என்ன டீச்சர், சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு. தயாராயிருச்சா?"

டீச்சர் திரும்பினார். ஒரு சொல் போதும், திங்கட்கிழமைக்கு வண்டி வந்துவிடும்.

"நல்லாப் போயிக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்சம் சேக்கணும்," என்றார்.

"எனக்கு இதுவே நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் போனார். செயலாளருக்குச் சுருதி தெரியாது என்பது அன்றைக்குக் கடவுள் எங்களுக்குக் கொடுத்த பெரிய உதவி. அவர் படி இறங்கியதும் நான் டீச்சரிடம் கேட்டேன்: "இத வெளிய சொல்லிராதீங்க டீச்சர். நானே சரி பண்ணிருவேன்."

"சொல்லலை. ஆனா சரி பண்ணணும்."

பிரித்தேன். குறைந்த சூட்டில் உருகும் கலவையைப் போட்டிருந்தது இப்போது கைகொடுத்தது. சூட்டுக்கோலை லேசாக ஓட்டினால் குழாய்க்கு ஒன்றும் ஆகாமல் பற்று மட்டும் விட்டுக்கொடுத்தது. கத்தி முனையால் நெம்பி, சுருளைத் திரும்பவும் சுருட்டினேன். பிய்ந்துபோன இடங்களில் புதிதாக வெட்டினேன். அதன்பிறகு தொடங்கியது அசல் வேலை.

காலை ஆறு மணிக்கு ஆரம்பிப்போம். வெயில் ஏறினால் கோயிலுக்குள் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு, குழாய்கள் ஒன்றோடொன்று சேராது. பத்து மணிக்கு மேல் மதுரையில் சுருதி சேர்ப்பது நடக்காத காரியம் என்பதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம். டீச்சர் கீழே கட்டையை அழுத்துவார். மரக் குழாயையும் ஈயக் குழாயையும் ஒன்றாகப் பாடவைப்பார். நான் மேலே குழாய்களுக்கு நடுவில் ஒரு பலகையில் படுத்துக்கொண்டு குறடும் கையுமாக இருப்பேன்.

"ஏத்துங்க."

"ஏத்தியாச்சு."

"எறங்கியிருச்சு தம்பி. ஏத்துங்கன்னா ஏத்துங்க."

சுருளைக் கீழே சுருட்டினால் சுருதி மேலே போகும். இது என் புத்திக்கு ஏற இரண்டு நாள் ஆனது. குழாயைத் தொட்டால் கைச்சூட்டுக்கே சுருதி மாறும். தொட்டுவிட்டுக் கையை எடுத்து, ஆறும்வரை பொறுக்கவேண்டும்.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம், தூங்கிட்டீங்களா?"

"கொழாய் ஆறுது டீச்சர்."

"கொழாய் ஆறட்டும், நீங்க ஆறிராதீங்க."

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, எனக்கு ஒன்று பிடிபட்டது. ஸ, ரி எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் இரண்டு குழாய் ஏறக்குறைய ஒன்றுபோல் பாடும்போது சத்தத்தில் ஓர் ஆட்டம் இருந்தது. வவ், வவ், வவ் என்று. எடை சரியில்லாத காற்றாடி ஓடும்போது வருமே, அதே ஆட்டம். சுருளைக் கொஞ்சம் திருப்பினால் ஆட்டம் மெதுவாகிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் நின்றே போகிறது. காற்றாடியின் ஆட்டத்தை நிறுத்துவது என் தினசரி வேலை. டீச்சர் "ஏத்துங்க" என்று சொல்லுமுன் நான் ஏற்றிவிட்டேன். அவர் "நிறுத்துங்க" என்று வாய் திறக்குமுன் நிறுத்தினேன்.

டீச்சர் கீழேயிருந்து கேட்டார்: "எப்படித் தம்பி சரியா அங்க நிறுத்துனீங்க?"

"ஆட்டம் நின்னுபோச்சு டீச்சர்."

சிரித்தார். கோயில் முழுக்கக் கேட்கிற சிரிப்பு. "இத எனக்குப் புரியவைக்க, ஆர்கன் சொல்லிக்குடுத்த எங்க வெள்ளக்காரம்மாவுக்கு ஒரு வருசம் ஆச்சு," என்றார். அதன்பிறகு அவர் கட்டையை அழுத்துவதோடு சரி. ஏற்றுவதும் இறக்குவதும் என் முடிவுதான். அந்த ஆர்கன் இன்றைக்கு நிற்கிற சுருதி ஒரு தகரப் பட்டறைக்காரனின் காதில் நின்ற சுருதி.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று செயலாளர் சென்னை நிபுணரை வரவழைத்தார். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போனார். நான் தொடாமல் விட்டிருந்த ஒரு வரிசை உண்டு, உள்ளே பித்தளை நாக்கு வைத்த குழாய்கள். அவற்றை அவர்தான் சரிசெய்தார். அது எனக்குத் தெரியாத வேலை, அந்தப் புகழ் அவருக்கே. மற்ற குழாய்களின் முதுகைத் தடவிப் பார்த்தார். "இந்தச் சுருளெல்லாம் யார் வெட்டினது? ரொம்ப சுத்தமா இருக்கே," என்றார்.

டீச்சர் என்னைக் காட்டினார்.

"எங்க படிச்சீங்க?"

"செல்லூர்ல சார்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏன் வெட்டவேண்டி வந்தது என்று சொல்ல நேர்ந்திருக்கும். நான் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

அறுப்புப் பண்டிகை அன்று தூண்களில் கரும்பு கட்டியிருந்தார்கள். பீடத்தைச் சுற்றிப் பூசணிக்காய், வாழைத்தார், நெல், தேங்காய், கால் கட்டிய சேவல்கள் என்று காணிக்கை குவிந்து கிடந்தது. சபையில் பாதிப்பேர் ஆர்கன் சத்தத்தை வாழ்நாளில் கேட்டிராதவர்கள். நான் ஆர்கனுக்குப் பின்னால், மோட்டாரின் பேரிங் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். முன்னால் நடந்த ஒன்றையும் நான் பார்க்கவில்லை. முதல் பாட்டுக்கு டீச்சர் கை வைத்தார். எனக்குத் தரைதான் முதலில் அதிர்ந்தது. அப்புறம் சத்தம் வந்தது, மர வரிசையும் ஈய வரிசையும் ஒரே ஆளாக. சேவல்கள் எல்லாம் ஒன்றாகக் கூவின. யாரோ சிரித்தார்கள். அதற்குமேல் சபை எழுந்து பாட ஆரம்பித்தது. அம்புட்டுக் குரலுக்கும் அடியில் என் காற்று போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஆடவில்லை, சூடாகவில்லை.

கடைசியில் போதகர் நன்றி சொல்ல ஆரம்பித்தார். சென்னை நிபுணரைச் சொன்னார், காணிக்கை கொடுத்தவர்களைச் சொன்னார். "இங்கே நமது செல்லூர்ச் சகோதரர் ஒருவர்" என்று என் பக்கம் வந்தபோது நான் பின்கதவு வழியாக இறங்கிவிட்டேன். முன்னால் போய் நின்றால் ஒவ்வொருவரும் என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள், ஈயப் பற்று வெளியே வந்துவிடும் என்ற பயம். என் வாழ்க்கையில் புகழைப் பார்த்து நான் ஓடியது அந்த ஒரு தடவைதான்.

ஆராதனைக்குப் பிறகு காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். என் மனைவி அன்றைக்குத்தான் அந்தக் கோயிலுக்குள் முதன்முதலாக வந்திருந்தாள். ஒரு பெரிய பூசணிக்காயை விடாமல் கேட்டு ஏலத்தில் எடுத்துவிட்டாள். சைக்கிள் கேரியரில் அதைக் கட்டும்போது கேட்டேன், பாட்டு எப்படி என்று.

"நல்லாருந்துச்சு. நடுவுல உங்க மோட்டார் சத்தமும் கேட்டுச்சு."

"மோட்டார் சத்தம் கேக்காது."

"எனக்குக் கேக்கும். கல்யாணம் ஆனதுலருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

திங்கட்கிழமை காலையில் செயலாளர் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு வாழைத்தார். "வண்டி வேணாம்னு சொல்லிட்டுப் போக வந்தேண்ணே," என்றார். கீபோர்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் அறைக்குப் போயிற்று. அதன்பிறகு வருடா வருடம் பண்டிகைக்கு முந்தின வாரம் நானும் டீச்சரும் காலை ஆறு மணிக்குச் சுருதி சேர்ப்போம். அவருக்குக் கால் வலி வந்தபிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார், கட்டையை என் மருமகள் அழுத்துவாள். அதற்காகவே அவள் பாடம் கற்றுக்கொண்டாள்.

அந்தச் செயலாளர் இப்போது மகனோடு சென்னையில் இருக்கிறார். போதகர்கள் நாலைந்து பேர் மாறிவிட்டார்கள். புதிய செயலாளரிடம் போய்க் கல்லைப் பற்றிக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க செஞ்சீங்கன்னு டீச்சர் சொல்றாங்கண்ணே. ஆனா சபை புத்தகத்துல ஒரு வரிகூட இல்லையே. மெட்ராஸ்காரர் வந்ததுக்குக் கடிதம் இருக்கு."

எப்படி இருக்கும்? டீச்சரிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டவன் நான். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஈயப் பற்றைச் சொல்லாமல் நான் செய்த வேலையைச் சொல்ல வழியில்லை, அதனால் இரண்டையும் சேர்த்தே யாரும் எழுதவில்லை. இப்போது நானே எழுதிவிட்டேன். ஒட்டியவன் நான், ஒளித்தவன் நான்.

ஆகவே சபையாருக்கு என் கோரிக்கை இது. நகலை அளந்து பார்த்தேன், மோட்டார் வாங்கிக் கொடுத்த குடும்பத்தின் வரிக்கும் சென்னை நிபுணரின் வரிக்கும் நடுவில் இடம் இருக்கிறது. அங்கே என் பெயரை இனிஷியலோடு முழுதாக, "செல்லூர் தகரப் பட்டறை உரிமையாளர்" என்று சேர்த்து, சென்னைக்காரரின் வரிக்கு மேலே, அதே அளவு எழுத்தில் வெட்டவேண்டும். துருத்தி, காற்றாடி, பட்டிகள், சுருதி என்று நான்கையும் குறிப்பிடவேண்டும். சுருள்களை ஈயம் வைத்து அடைத்ததையும் போடத்தான் வேண்டும் என்றால் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதைப் பிரித்துச் சேர்த்தவனும் நானே என்று அதே வரியில் இருக்கவேண்டும். கல் வெட்டுகிறவரை என்னிடம் அனுப்புங்கள், எழுத்தைத் தரையில் சாக்பீஸால் நானே போட்டுக் காட்டுகிறேன்.